கடல் கடந்த கல்வி: ஆனந்திபாய் ஜோஷி தெரிந்துகொண்ட மருத்துவக் கல்லூரி

மருத்துவங் கற்க விழைவார் முன் நிற்கும் வினாக்கள் மூன்று. எங்கே கற்பது, அங்குப் புகுவது எவ்வாறு, கற்றதைக்கொண்டு யாருக்குப் பணி செய்வது என்பன அவை. முதலிரண்டினையும் பலர் நுணுகி ஆராய்வர். மூன்றாவதனைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என விட்டுவிடுதலே பெருவழக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில், மராட்டிய நாட்டுப் பெண்மணி ஒருவர் இவ்வரிசையை மாற்றியமைத்தார். யாருக்குப் பணி செய்வது என்பதை முதற்கண் முடிவுசெய்து, அம்முடிவினின்றே தம் கல்லூரியைத் தெரிந்துகொண்டார். அவரே ஆனந்திபாய் ஜோஷி. அவர் மேற்கொண்ட தெரிவும், அதற்கு அவர் கொடுத்த விலையும் ஆராய்தற்குரியன.

1865ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31ஆம் நாள் பிறந்த ஆனந்திபாய்க்கு ஒன்பதாம் வயதில் மணம் நிகழ்ந்தது. கணவர் கோபால்ராவ் தபாற் கந்தோரில் எழுதுவினைஞர், மனைவியை இழந்தவர், ஆனந்திபாயினும் ஏறக்குறைய இருபது வயது மூத்தவர். பெண் கல்வியிற் பேரார்வமுடைய அவர், மனைவிக்குத் தாமே கற்பித்தார். அக்கற்பித்தலிற் கடுமையும் உண்டு; சிறுமியாயிருந்த காலத்திற் பட்ட அடிகளைப் பின்னாளில் ஆனந்திபாய் தாம் கணவர்க்கு எழுதிய கடிதத்திற் குறிப்பிட்டுள்ளார். பதினான்காம் வயதில் அவர் ஈன்ற ஆண்மகவு பத்து நாள்களே உயிர்வாழ்ந்தது. இத்துயரமே மருத்துவங் கற்கவேண்டும் என்னும் எண்ணத்தை அவருள்ளத்து ஊன்றியது என்பர். அக்காலத்தில் இந்தியப் பெண்கள் பலர், ஆண் மருத்துவர் முன் தம் நோயைக் கூறுதலினும் இறத்தலே மேல் எனக் கருதினர். ஆகவே, பெண்களுக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்பது அவர்க்கு உயிர் பற்றிய வினாவாயிற்று.

அந்நாளில் மருத்துவங் கற்க விரும்பிய பெண்ணுக்கு இருந்த வழிகள் மிகச் சில. சென்னை மருத்துவக் கல்லூரி 1875இல் மேரி ஷார்லீப் உள்ளிட்ட பெண்கள் நால்வரைச் சேர்த்துக்கொண்டது. கல்கத்தாக் கல்லூரியின் கதவோ பெண்களுக்கு அடைபட்டிருந்தது. வங்காளத்துப் பெண்ணாகிய அபலா தாஸ் (பின்னாளில் அறிவியலறிஞர் ஜகதீச சந்திர போஸின் மனைவியார்) மருத்துவங் கற்றற்பொருட்டு 1882இற் சென்னைக்கே செல்லவேண்டியதாயிற்று. இலண்டனில் 1874இற் பெண்களுக்கான மருத்துவப் பாடசாலை நிறுவப்பட்டிருந்தது. சென்னையிற் கற்ற ஷார்லீப் அம்மையாரும் மேற்படிப்புக்கு அங்குச் சென்றார். எனவே ஆனந்திபாய் அமெரிக்காவைத் தெரிந்துகொண்டமை வேறு வழியே இன்மையாலன்று. காரணங் கருதிச் செய்த தெரிவு அது.

அத்தெரிவின் தொடக்கம் ஒரு கடிதம். 1880இற் கோபால்ராவ், றோயல் வைல்டர் என்னும் அமெரிக்கப் பாதிரியாருக்கு எழுதி, தம் மனைவி அமெரிக்காவில் மருத்துவங் கற்க உதவுமாறு வேண்டினார். வைல்டர் அளித்த விடை, கிறித்தவராக மாறினால் உதவி கிடைக்கும் என்னும் கருத்துடையது. கணவனும் மனைவியும் அதற்கு உடன்படவில்லை. கதவொன்று திறந்திருந்தும், அதனுட் புகுதற்குக் கேட்கப்பட்ட விலையைக் கொடாது அவர்கள் திரும்பியமை கருதத்தக்கது. எனினும் அக்கடிதம் வீண்போகவில்லை. வைல்டர் அதனைத் தம் சஞ்சிகையில் வெளியிட, நியூ ஜேர்சி மாநிலத்து றோசெல் என்னும் ஊரில் வாழ்ந்த தியோடிசியா காப்பென்டர் அம்மையார், பல் மருத்துவர் ஒருவரைக் காணக் காத்திருந்த வேளையில் அதனைத் தற்செயலாகப் படித்தார். உள்ளம் நெகிழ்ந்து ஆனந்திபாய்க்கு எழுதினார். கடிதங்கள் வளர்ந்து உறவாயின. ஆனந்திபாய் அவரைத் தம் சிறிய தாயாராகவே மதித்தார். பிறநாடு சென்று கற்பார்க்குக் கல்லூரியைப் போலவே இல்லமும் இன்றியமையாதது. அவ்வில்லம் அவர்க்கு அமெரிக்காவில் அமைந்தது.

கல்லூரியோ, பிலடெல்பியா நகரத்துப் பென்சில்வேனியாப் பெண்கள் மருத்துவக் கல்லூரி. 1850இல் நிறுவப்பட்ட அது, பெண்களுக்கு மருத்துவப் பட்டம் வழங்குதற்கென்றே எழுந்த கல்லூரிகளுள் மிகப் பழையவற்றுள் ஒன்று. 1869இல் அங்குப் பட்டம் பெற்ற கிளாரா சுவெயின் அம்மையார், 1870இல் வட இந்தியாவின் பரேலி நகருக்கு வந்து பெண்களுக்கு மருத்துவஞ் செய்தார். இந்தியப் பெண்களின் நோயும் நாணமும் அக்கல்லூரிக்குப் புதியனவல்ல. ஆங்குப் பெண்ணொருத்தி ஆண்களுக்கிடையே பொறுத்துக்கொள்ளப்படும் விதிவிலக்காக இருக்கவேண்டியதில்லை. கற்பிப்பாருட் பெண்கள் இருந்தனர். பீடாதிபதியும் றேச்சல் பொட்லி என்னும் பெண்மணியே. பெண்களுக்குப் பெண் மருத்துவராதல் என்னும் குறிக்கோளுக்கு இதனினும் பொருத்தமான இடம் அரிது.

இம்முயற்சியை ஊரார் எளிதில் ஏற்கவில்லை. கோபால்ராவ் அப்பொழுது வங்காளத்துச் செராம்பூரிற் பணியாற்றினார். ஆனந்திபாய் மீது வசை மிகுந்தது. தெருவில் நடந்து செல்லுதலும் அவர்க்கு இடராயிற்று. 1883ஆம் ஆண்டு பெப்ரவரியில், செராம்பூர்க் கல்லூரி மண்டபத்தில் அவர் எழுந்து, ஊரார் கேட்கும் வினாக்களைத் தாமே ஒவ்வொன்றாக நிறுத்தி விடை பகர்ந்தார். இந்தியாவிற் கற்க இயலாதா என்பது அவற்றுள் ஒன்று. சென்னையில் ஒரு கல்லூரி உண்டெனினும், பிற இடங்களில் மருத்துவிச்சி வகுப்புக்களே உள்ளன என்றும், அங்குக் கற்பிக்கப்படுவது போதாது என்றும், கற்பிப்போரின் மனப்பான்மையும் பெண்களுக்கு இசைவாக இல்லை என்றும் அவர் கூறினார். சாதி விலக்கு நேருமே என்பதற்கு, தாம் இந்துவாகவே சென்று, இந்துவாகவே மீண்டு வாழவிருப்பதாக உரைத்தார். இத்துணிவினைக் கூறும்பொழுது அவர்க்கு வயது பதினேழு.

1883 ஏப்பிரலில் ஆனந்திபாய் கல்கத்தாவிற் கப்பலேறினார். கணவர் உடன்செல்லவில்லை. செலவுக்காகத் தம் பொன் வளையல்களை விற்றிருந்தார். சூன் மாதத்தில் நியூ யோர்க் அடைந்தார். வியப்பு யாதெனில், கல்லூரியின் அனுமதியைக் கையிற் கொண்டு அவர் புறப்படவில்லை; அமெரிக்க மண்ணை மிதித்த பின்னரே விண்ணப்பம் எழுதினார். சூன் 28இல் எழுதிய அக்கடிதம் இன்று பிலடெல்பியாவிலுள்ள திறெக்செல் பல்கலைக்கழகச் சுவடிக்கூடத்திற் பேணப்படுகின்றது. கல்லூரி கேட்கும் தகுதிகள் அனைத்தும் தம்மிடம் இல்லாதிருத்தல் கூடும் என்பதை அதில் அவர் மறைக்கவில்லை. உற்றார் எதிர்ப்பையும் சாதியார் எதிர்ப்பையும் மீறித் தம்மைக் கடல் கடத்திய உறுதியே தம்மைப் படிப்பிலும் நிலைநிறுத்தும் என்றார். எதற்காகக் கற்க வந்தார் என்பதையும் தெளிவாகக் கூறினார். இன்மையை ஒளியாது நோக்கத்தை விளக்கிய அவ்விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

1883ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் படிப்புத் தொடங்கியது. மரக்கறி உணவையும் சேலையையும் அவர் கைவிடவில்லை. 1885 ஒக்டோபர் 10இற் பீடாதிபதியின் வரவேற்பு நிகழ்ச்சியில் எடுக்கப்பட்ட நிழற்படம் ஒன்றில், ஆனந்திபாயுடன் யப்பானியரான கெய் ஒக்காமியும், சிரியா நாட்டினரான சபாத் இஸ்லாம்பூலியும், தத்தம் நாட்டுடை அணிந்து வீற்றிருக்கின்றனர். பட்டத்திற்கு அவர் எழுதிய ஆய்வுரை, ஆரிய இந்துக்களிடையே வழங்கிய மகப்பேற்று மருத்துவம் பற்றியது. 1886 மார்ச் 11இல் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். இங்கிலாந்திலிருந்து பண்டித இரமாபாய் அவ்விழாவைக் காண வந்திருந்தார். கோலாப்பூர்ச் சமத்தானம், அல்பேட் எட்வேட் மருத்துவமனையின் பெண்கள் பகுதியை அவர் பொறுப்பில் விட முன்வந்தது.

ஆயின் குளிரும், ஒவ்வாத உணவும், ஓய்வற்ற படிப்பும் அவருடலை மெலிவித்திருந்தன. சயரோகம் பற்றிக்கொண்டது. 1886இன் இறுதியில் நாடு மீண்ட அவர், கோலாப்பூரிற் பணியேற்கவே இல்லை. 1887 பெப்ரவரி 26இற் பூனாவிற் காலமானார். இருபத்திரண்டு வயதும் நிறையவில்லை. அவருடைய அஸ்தி காப்பென்டர் அம்மையாருக்கு அனுப்பப்பட்டு, நியூ யோர்க் மாநிலத்துப் பொக்கீப்சியில் அவர்தம் குடும்பத்தார்க்குரிய இடத்தில் வைக்கப்பட்டது.

ஈண்டு ஒரு தடை எழுதல் இயல்பு. ஆனந்திபாய் கப்பலேறிய பின்னர்க் கல்கத்தாக் கல்லூரியும் பெண்களுக்குக் கதவு திறந்தது. அங்குக் கற்ற காதம்பினி கங்குலி அதே 1886இல் மருத்துவத் தகுதி பெற்று, நெடுங்காலம் பணியாற்றினார். சிறிது பொறுத்திருந்தால் ஆனந்திபாயும் தாயகத்திலேயே கற்று, நெடிது வாழ்ந்திருக்கலாமன்றோ? இத்தடை எளிதில் தள்ளத்தக்கதன்று. உடல்நலம், காலநிலை, உணவு ஆகியவற்றை எண்ணாது தெரியும் கல்லூரி எத்துணைச் சிறந்ததாயினும் இடர் விளைக்கும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. ஆயினும், 1883இன் தொடக்கத்தில் அவர் கண்டது அடைபட்ட கதவையே. பின்னர் நிகழ்ந்தவற்றைக்கொண்டு முன்னர்ச் செய்த தெரிவைப் பழித்தல் வரலாற்று முறையாகாது. அன்று அறியக்கூடியன கொண்டு நோக்குங்கால், கற்பித்தலின் தரம், பெண்களுக்குரிய மதிப்பு, தங்குதற்கு அன்பான இல்லம், சமயத்தை விற்காது கற்கும் உரிமை ஆகிய நான்கும் பிலடெல்பியாவில் ஒருங்கமைந்தன எனலாம். அவர் எடைபோடத் தவறியது தம் உடலை மட்டுமே.

இக்கல்லூரியின் தொடர்பு தமிழ்நாட்டையும் எட்டியது. இராணிப்பேட்டையிற் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் இங்கேயே மருத்துவப் படிப்பைத் தொடங்கிப் பின் கோர்ணெல் கல்லூரியில் 1899இற் பட்டம் பெற்றார். 1918இல் வேலூரிற் பெண்களுக்கு மருத்துவப் பாடசாலை நிறுவினார். இலங்கையில், கொழும்பு மருத்துவக் கல்லூரி 1892இற் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கடல் கடவாமலே கற்கும் வாய்ப்புப் பெண்களுக்குப் பெருகியது.

இன்றும் இலங்கை மாணவர் பலர் மருத்துவங் கற்கப் பிறநாடு செல்கின்றனர். கட்டணமும், அனுமதியும், நாடு மீண்டபின் எழுதவேண்டிய தகுதிப் பரீட்சையும் அவர்தம் கவலைகள். அவை வேண்டிய கவலைகளே. எனினும், ஆனந்திபாயின் விண்ணப்பக் கடிதத்தை நினைப்பார்க்கு இன்னும் ஒரு வினா எஞ்சிநிற்கும்: கற்றுத் திரும்பும் நாளில் எவர் பிணி தீரும்? அவ்வினாவுக்கு விடை கண்ட பின்னரே அவர் கப்பலேறினார்.