மணலுக்கும் ஒரு கணக்கு உண்டு

இராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிக் கடலோரமாகச் செல்லும் சாலையில் கருங்கற்கள் வரிசையாகக் குவிந்து கிடப்பதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அவற்றைக் கடல் கொண்டுவந்து போடவில்லை. கரையைக் கடல் தின்னத் தொடங்கிய பின்னர், வீடுகளையும் சாலையையும் காப்பதற்காக மனிதர் கொட்டிய கற்கள் அவை. தெற்கே மெரினாவில் மணலை வாரி வழங்கும் கடல், வடக்கே மட்டும் ஏன் கரையைப் பறிக்கிறது? இக்கேள்விக்கு விடை தேடிய முயற்சியில் பற்சக்கரப் பொறிகளும், எழுத்தர்களின் கணக்கேடுகளும், பிற்காலத்தில் கணினி மாதிரிகளும் பங்கெடுத்தன. துறைமுகத்தை நம்பி மண்ணடியிலும் இராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் வேரூன்றிய நம் குடும்பங்களுக்கு இது அயலார் வரலாறு அன்று.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து சரக்கையும் மனிதரையும் கரைசேர்த்தன. 1861-இல் கடலுக்குள் ஓர் இரும்புப் பாலம் நீட்டப்பட்டது. 1875-ஆம் ஆண்டின் இறுதியில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டினார். வில்லியம் பார்க்ஸ் என்னும் பொறியாளரின் திட்டப்படி அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் வளர்ந்தன. வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் வீசிய புயல் அவற்றைச் சிதைத்தது. மீண்டும் கட்டினார்கள். ஆயினும் புயலைவிடப் பொறுமையான எதிரி ஒன்று அதற்கு முன்பே வேலையைத் தொடங்கியிருந்தது.

அது மணல். தென்மேற்குக் காற்றின் மாதங்களில் அலைகள் கரையைச் சாய்வாக மோதி மணலை வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவத்தில் அதே மணல் தெற்கே திரும்புகிறது. ஆனால் வடக்கே போவதே மிகுதி. ஆண்டொன்றுக்குப் பல இலட்சம் கன மீட்டர் மணல் இந்தக் கரையோரமாக ஓர் ஆறு போல நடந்துகொண்டிருக்கிறது. அந்த ஆற்றின் குறுக்கே துறைமுகச் சுவர் விழுந்தது. வந்த மணல் தெற்கே தங்கியது, மெரினா அகன்றது. வடக்கே மணல் வரவில்லை, ஆனால் அலைகள் தம் பங்கை எடுத்துக்கொண்டே இருந்தன. வரவு நின்று செலவு மட்டும் தொடரும் கணக்கேட்டில் என்ன நடக்கும் என்பதை வணிகம் அறிந்த நம் சமூகத்துக்கு விளக்க வேண்டியதில்லை. நூறாண்டுக்குள் இராயபுரக் கரை பல நூறு மீட்டர் பின்வாங்கியது. மெரினாவின் அழகுக்கு வடசென்னை கொடுத்த விலை அது என்று சொன்னால் மிகையாகாது.

துறைமுகம் வந்ததும் மற்றொரு தேவை எழுந்தது. கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்கும் ஓதத்தைக் கப்பல் தலைவர்கள் முன்கூட்டியே அறிய வேண்டும். 1880-ஆம் ஆண்டுவாக்கில் இந்திய நில அளவைத் துறை சென்னையில் ஓதமானி நிறுவிக் கடல்மட்டத்தைப் பதியலாயிற்று. நிலவின் ஈர்ப்பு, சூரியனின் ஈர்ப்பு, அவற்றின் தொலைவு மாறுபாடு என ஒவ்வொன்றும் ஒரு தனி அலை. அவை அனைத்தையும் கூட்டினால் ஓதம் கிடைக்கும். இக்கூட்டலைச் செய்யும் பொறி ஒன்றை இந்திய அரசுக்காக எட்வர்டு ராபர்ட்ஸ் 1879-இல் இலண்டனில் உருவாக்கினார். ஒவ்வோர் அலைக்கும் ஒரு சக்கரம். எல்லாச் சக்கரங்களின் மேலும் ஓடும் ஒரே கம்பி. அதன் முனையில் பேனா. கைப்பிடியைச் சுற்றினால் வரப்போகும் ஆண்டின் ஓதம் தாளில் வளைகோடாக வரையப்படும். பிற்காலத்தில் அப்பொறி டேராடூனுக்குக் கொண்டுவரப்பட்டது. மின்சாரக் கணினி பிறப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இந்தியத் துறைமுகங்களின் கடல் ஒரு பொறிக்குள் மாதிரியாக ஓடிக்கொண்டிருந்தது என்பது வியப்புக்குரியது.

1904-இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் வந்தார். மணலால் தூர்ந்துவந்த கிழக்கு வாயிலை மூடி வடகிழக்கில் புதிய வாயில் திறந்தவர் அவர். அவருடைய அலுவலகத்தில்தான் 1912 மார்ச்சில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் இராமானுஜன் என்ற இளைஞர் கணக்கு எழுத்தராகச் சேர்ந்தார். 1913 பிப்ரவரியில் துறைமுகத்துக்கு வந்த கில்பர்ட் வாக்கரிடம் ஸ்பிரிங் அந்த எழுத்தரின் நோட்டுகளைக் காட்டினார். வாக்கர் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய பரிந்துரைக் கடிதமும் சேர்ந்தே இராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகையைப் பெற்றுத் தந்தது.

இக்கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் இராமானுஜன் அல்லர், வாக்கர். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற அவர் 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்தார். 1899-இல் பருவமழை பொய்த்துப் பெரும் பஞ்சம் வந்திருந்தது. மழை ஏன் பொய்க்கிறது என்று கோட்பாட்டிலிருந்து தொடங்காமல், உலகெங்குமுள்ள காற்றழுத்தம், மழை, வெப்பம் ஆகியவற்றின் பதிவுகளைத் திரட்டி, எது எதனோடு சேர்ந்து ஏறுகிறது, எது இறங்குகிறது என்று அவர் தேடினார். கணினி இல்லாத காலத்தில் அந்த எண்களைக் கூட்டிப் பெருக்கியவர்கள் இந்திய எழுத்தர்கள். அவர்களின் பெயர்களை வரலாறு சுமக்கவில்லை. பசிபிக் பெருங்கடலில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்கும் ஊசலாட்டத்தை அந்த உழைப்பு வெளிக்கொணர்ந்தது. இன்று எல்-நினோ பற்றிப் பேசும் எவரும் அந்த ஊசலாட்டத்தைத் தவிர்க்க முடியாது. தரவு அறிவியல் என்று இக்காலத்தில் போற்றப்படும் துறைக்கு இதைவிட நேரான முன்னோடி வேறு எது?

இடையில் ஒன்று. மழையையும் புயலையும் முன்கூட்டிச் சொல்வது குறிசொல்வதைப் போன்றதா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் கேட்பதுண்டு. மறைவானதை அறிபவன் இறைவன் ஒருவனே என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் குறிசொல்பவன் தனக்கு மறைவானது தெரியும் என்கிறான். கணிப்பவரோ தமக்குத் தெரிந்த அளவுகளை முன்வைத்து, எவ்வளவு பிழை நேரக்கூடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். 'மான்சூன்' என்ற சொல் 'மவ்சிம்' என்னும் அரபுச் சொல்லிலிருந்தும், 'அல்காரிதம்' என்ற சொல் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்தும் வந்தவை. காற்றின் பருவங்களைக் கணக்கிட்டுப் பாய் விரித்த மரக்காயர்களின் வழிவந்தோருக்குக் கணிப்பு அந்நியமாகத் தோன்றக் காரணமில்லை.

மீண்டும் மணலுக்கு வருவோம். 1956-இல் பெல்னார்-கான்சிடேர் என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் கடற்கரையை ஒற்றைக் கோடாகக் கருதி ஒரு சமன்பாடு எழுதினார். கரையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு மணல் நுழைகிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்று பார்க்க வேண்டும். நுழைவது மிகுந்தால் கோடு கடல் பக்கம் நகரும். வெளியேறுவது மிகுந்தால் ஊர்ப் பக்கம் நகரும். அலையின் உயரமும் அது மோதும் கோணமும் தெரிந்தால், இருபது ஆண்டுகளுக்குப் பின் கோடு எங்கே நிற்கும் என்பதைக் கணினி படிப்படியாகக் கணக்கிடும்.

இத்தகைய கணக்கீடுகளின் துணையுடன் சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறையினர் இராயபுரம் கடற்கரைக்குத் தூண்டில் வளைவுகளைப் பரிந்துரைத்தனர். 2004-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவை கட்டப்பட்டன. அவற்றுக்கிடையே பல பத்தாண்டுகளாகக் காணாமற்போயிருந்த மணல் திரும்பி வந்தது. அது மெய்யான வெற்றி. ஆனால் ஒற்றைக் கோட்டுச் சமன்பாடு இரக்கமற்றது: ஓரிடத்தில் பிடித்துவைத்த மணல் அடுத்த இடத்துக்குப் போகாது. திருவொற்றியூரும் எர்ணாவூரும் அரிப்பைத் தொடர்ந்து சந்தித்தன. அங்கும் கல் கொட்ட வேண்டியதாயிற்று. குப்பத்து மீனவர்கள் இதைச் சமன்பாடு இன்றியே சொல்லிவந்தனர். மாதிரியின் எல்லைக்கோட்டை எந்த ஊரில் முடிப்பது என்பது வெறும் கணிதக் கேள்வி அன்று. அக்கோட்டுக்கு அப்பால் இருப்பவரின் வீடு கணக்கில் வராது.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு மாதிரிகளின் நோக்கம் விரிந்தது. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், மும்பை ஐஐடி, சென்னை ஐஐடி, அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவை இணைந்து உருவாக்கிய 'சி-ஃப்ளோஸ்' என்னும் வெள்ள எச்சரிக்கை அமைப்பு 2019-இல் பயன்பாட்டுக்கு வந்தது. பல மாதிரிகள் அதில் சங்கிலியாகக் கோக்கப்பட்டுள்ளன: எவ்வளவு மழை பெய்யும், அதில் எவ்வளவு ஆற்றுக்கு வரும், அந்நேரம் கடலின் ஓதம் எவ்வளவு உயர்ந்திருக்கும், ஆகவே எந்தப் பகுதியில் எவ்வளவு நீர் நிற்கும். கடல் உயர்ந்திருக்கும் நேரத்தில் கொசஸ்தலையாறும் கூவமும் அடையாறும் வடிய இயலாது. பேனா முனையில் ராபர்ட்ஸின் பொறி வரைந்த அதே ஓதம் இங்கே வெள்ளத்தின் கதவாக நிற்கிறது. புயல் வரும்போது ஒவ்வொன்றையும் புதிதாகக் கணக்கிட நேரமிருக்காது என்பதால், பல சூழல்களை முன்பே கணித்துச் சேமித்து வைக்கின்றனர்.

சங்கிலியின் வலிமை அதன் முதற்கண்ணியான தரவைப் பொறுத்தது. 2017 சனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. காற்றையும் நீரோட்டத்தையும் கொண்டு எண்ணெய் எத்திசையில் செல்லும் என்பதை ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் மாதிரி கணிக்க முடிந்தது. ஆனால் எவ்வளவு கசிந்தது என்பதை மாதிரி தானாக அறியாது; அதை மனிதர் சொல்ல வேண்டும். கசிவு அற்பமானது என்றே தொடக்கத்தில் கூறப்பட்டது. எர்ணாவூர்க் கரையில் தார் போலத் திரண்ட எண்ணெயை மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளியால் அள்ளிய காட்சி அக்கூற்றை மறுத்தது.

அதே 2017-இல் எண்ணூர் முகத்துவாரத்தின் வரைபடம் குறித்தும் சர்ச்சை எழுந்தது. 1996-ஆம் ஆண்டின் கடலோர மேலாண்மை வரைபடம் ஆயிரக்கணக்கான ஏக்கர் நீர்ப்பரப்பைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாகக் காட்டுகிறது. வெளிவந்த மற்றொரு வரைபடத்தில் அந்நீர்ப்பரப்பே இல்லை என்று ஆர்வலர்கள் ஆதாரத்துடன் முறையிட்டனர். தாளில் ஆறு இல்லாமற்போனால் கணினியிலும் இருக்காது. மண்ணில் மட்டும் இருக்கும், மழை வரும்போது தன் வழியைத் தேடிக்கொள்ளும்.

அது 2023 டிசம்பரில் நடந்தது. மிக்ஜாம் புயலின் வெள்ளம் மணலியின் எண்ணெய் ஆலைப் பகுதியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெயைச் சுமந்து எண்ணூர் முகத்துவாரத்துக்குள் வந்தது. படகுகளும் வலைகளும் வீட்டுச் சுவர்களும் கறுத்தன. நீர் எவ்வளவு உயரும் என்று சொல்லும் மாதிரிக்கு, அந்நீர் எதைச் சுமந்து வரும் என்று தெரியாது. எண்ணெய்ப் படலத்தின் பாதையைச் சொல்லும் மாதிரியோ கடலுக்கு எழுதப்பட்டது, கால்வாய்க்கு அன்று. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் மக்கள் குடியிருக்கிறார்கள்.

இவ்வகை மாதிரிகளைச் சரிபார்க்க வல்லுநர்கள் வெள்ளத்துக்குப் பின் தேடுவது எளிய ஒன்றை: இன்ன தெருவில், இன்ன நாளில், இன்ன மணிக்கு நீர் இவ்வளவு உயரம் நின்றது என்னும் பதிவு. நீர் வடிந்தபின் சுவரில் தங்கும் கறைக்கோட்டின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து, நாளையும் நேரத்தையும் எழுதி, ஒரு படமும் எடுத்து வைத்தால் போதும். பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் தேதியிட்ட பதிவேடுகள் உள்ளன; அவற்றில் ஒரு பக்கத்தை இதற்கு ஒதுக்கலாம்.