ஜானகி ஆதி நாகப்பன்: ஒரு மலாயாத் தமிழ்க் குடும்பமும் ஜான்சி ராணிப் படையின் போர் நினைவுகளும்

ஜானகி ஆதி நாகப்பன் (பிப்ரவரி 25, 1925 – மே 9, 2014) இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் அதிகாரி. மலேசிய இந்தியக் காங்கிரஸின் தொடக்ககால உறுப்பினர். மலேசிய நாடாளுமன்றத்தின் மேலவை உறுப்பினராக இருந்தவர். போர்க்காலத்தில் ஜானகி தேவர் என்று அறியப்பட்டார். தோற்றுப்போன ஒரு படையின் நினைவுகள் எவ்வாறு காக்கப்பட்டன, எவருடைய நினைவுகள் காக்கப்படாமல் போயின என்பதை அறிய இவருடைய வாழ்க்கை உதவுகிறது.

குடும்பம்

ஜானகி கோலாலம்பூரில் வசதியான தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பால் பண்ணை நடத்திவந்தார். மலாயாத் தமிழர்களில் பெரும்பாலோர் அன்று ரப்பர் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். ஜானகி வளர்ந்த சூழல் அதிலிருந்து மிகவும் வேறுபட்டது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் மலாயா முழுவதும் ஜப்பானியர் வசமாயிற்று. ரப்பர் ஏற்றுமதி நின்றது. அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் ஏராளமானோர் நோயாலும் பட்டினியாலும் இறந்தனர். படையில் சேர்ந்த பலருக்கு நாட்டுப்பற்றுடன் இந்த நெருக்கடியும் ஒரு காரணமாக இருந்தது.

படையில் சேர்தல்

சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றார். பெண்களுக்கென ஒரு படைப்பிரிவு அமைக்கப்படும் என்று அறிவித்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த லட்சுமி சுவாமிநாதன் அதன் தலைவரானார். பயிற்சி முகாம் 1943 அக்டோபர் 22 அன்று தொடங்கியது.

போஸின் உரையைக் கேட்ட ஜானகி, அணிந்திருந்த தங்கக் காதணிகளைக் கழற்றி நிதிக்குக் கொடுத்தார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. படையில் சேர விரும்பியபோது தந்தை கடுமையாக எதிர்த்தார். நீண்ட வற்புறுத்தலுக்குப் பிறகே சம்மதித்தார். முகாமின் உணவும் உடற்பயிற்சியும் ஜானகிக்குத் தொடக்கத்தில் கடினமாக இருந்தன. பின்னர் அவற்றுக்குப் பழகி அதிகாரிகளில் ஒருவரானார். பர்மாவில் படையின் பொறுப்பை ஏற்கும் நிலைக்கு உயர்ந்தார்.

பின்வாங்கல்

1944இல் இம்பால் மீதான படையெடுப்பு தோல்வியடைந்தது. போர்முனைக்குச் செல்ல எண்ணியிருந்த ஜான்சி ராணிப் படையினரின் வேலை, பெருமளவு காயமுற்றவர்களுக்குச் சேவை செய்வதாக மாறியது. 1945 ஏப்ரலில் பிரிட்டிஷ் படைகள் ரங்கூனை நெருங்கின. பெண்களைப் பாதுகாப்பாக அனுப்பாமல் தான் புறப்படுவதில்லை என்று போஸ் உறுதியாக இருந்தார். ஏப்ரல் 24 அன்று அவர்களுடன் ரங்கூனை விட்டுக் கிளம்பினார்.

வானிலிருந்து தாக்குதல் நடந்ததால் பகலில் மரங்களுக்கிடையே மறைந்திருந்து இரவில் மட்டும் பயணம் செய்தனர். லாரிகள் சேற்றில் சிக்கின. சித்தாங் ஆற்றைக் கடந்தபின் பல மைல்கள் நடக்க வேண்டியிருந்தது. போஸும் அவர்களுடன் நடந்தார். அவர் காலணியைக் கழற்றியபோது பாதம் முழுவதும் கொப்புளங்கள் இருந்ததைக் கண்டது ஜானகியின் நினைவுகளில் முக்கியமானது. மே மாத நடுவில் குழு பாங்காக்கை அடைந்தது. இப்பயணத்தில் உடன்சென்ற எஸ்.ஏ. அய்யர் பின்னர் தன் நூலில் இதை விரிவாகப் பதிவுசெய்தார்.

போருக்குப் பின்

சிங்கப்பூர் கடற்கரையில் இந்திய தேசிய ராணுவத்துக்கு எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்தை, 1945 செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் இடித்தனர். அந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை வைக்கப்பட்டது 1995இல்தான். இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளில் அந்தப் போரின் நினைவு பெரும்பாலும் வீடுகளிலும், எழுதத் தெரிந்த சிலரின் நூல்களிலும், பேட்டிகளிலும் வாழ்ந்தது.

ஜானகி போருக்குப் பின் சமூகப் பணியில் ஈடுபட்டார். 1946இல் ஜான் திவி தலைமையில் மலாயா இந்தியக் காங்கிரஸ் தொடங்கப்பட்டபோது அதில் பங்கேற்றார். பத்திரிகையாளரும் பின்னாளில் அரசியல் தலைவருமான ஆதி நாகப்பனை மணந்தார். இந்திய அரசு 2000இல் அவருக்கு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

பதிவாகாத நினைவுகள்

ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையைச் சிலர் ஆயிரம் என்றும், சிலர் அதில் பாதிக்கும் குறைவு என்றும் கணக்கிடுகின்றனர். அவர்களில் பெரும்பகுதியினர் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துத் தமிழ்ப் பெண்கள். எழுதப் படிக்கத் தெரியாத பலர் முகாமில்தான் பாடம் கற்றனர். துப்பாக்கியும் கால்சட்டையும் அவர்களுக்கு அதுவரை அறியாத ஒரு மதிப்பைத் தந்தன. போர் முடிந்ததும் பலர் மீண்டும் பால்மரக் காட்டுக்கே திரும்பினர்.

வரலாற்று நூல்களில் லட்சுமியும் ஜானகியும் இடம்பெற்றதற்கு அவர்களுடைய துணிவுடன் கல்வியும் குடும்பப் பின்னணியும் காரணங்கள். அவர்களுக்குப் பின்னால் அணிவகுத்து நடந்த தோட்டத்துப் பெண்களின் கதைகள் அவரவர் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கேட்ட அளவிலேயே நின்றுவிட்டன. இந்தப் படையின் வரலாறு முழுமை பெற அக்குடும்பங்களில் எஞ்சியுள்ள புகைப்படங்களும் வாய்மொழி நினைவுகளும் சேகரிக்கப்பட வேண்டும்.