முரட்டுக் கம்பளி

விம்கோ நகரில் ஆடு உண்டு. ரயில் பாதை ஓரத்தில், மழைக்குக் கொஞ்சம் புல் முளைக்கிற இடங்களில், செம்மறிகள் மேய்வதைப் பார்த்திருக்கிறேன். செங்காவி நிறம், மழித்துவிட்ட மாதிரி உடம்பு. கால்நடைத் துறைப் பட்டியலில் இவற்றுக்கு மெட்ராஸ் ரெட் என்று பெயர். கம்பளி கிடையாது, குட்டை மயிர்தான். கத்திரி போட வேண்டிய அவசியமே இல்லை. ஆகவே இந்தப் பக்கத்துக்காரனுக்குச் செம்மறி என்றால் கறி, அதற்கடுத்துத் தோல். கம்பளி ஏதோ குளிர் தேசத்துச் சரக்கு. தமிழ்நாட்டுச் சமவெளியில் கம்பளி நெய்தார்கள் என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

இங்கிருந்து மேற்கே சுமார் பத்து கிலோமீட்டரில் புழல். நகரத்துக்கு அது ஏரி, சிறை. பழைய கதையில் குறும்பர்களின் கோட்டை. சோழர் கைக்கு வருமுன் தொண்டைமண்டலத்தைக் குறும்பர் ஆண்டார்கள், தொண்டைமான் வந்து புழல் கோட்டையைப் பிடித்தான் என்பது மெக்கன்சி சேகரித்த சுவடிகளிலும் திருமுல்லைவாயில் தலக்கதையிலும் வெவ்வேறு விதமாகச் சொல்லப்படுகிறது. கதையைச் சரித்திரமாக்க வேண்டாம். ஆனால் தமிழ்நாட்டின் வடமேற்கிலிருந்து தக்காணம் முழுக்கக் கம்பளி ஆடு வளர்த்து நெய்கிற ஜனங்களுக்கும் குறும்பர், குருபர் என்றே பெயர். (நீலகிரிக் காட்டுக் குறும்பர் வேறு.) தமிழில் குறும்பு என்றால் சிற்றரண், சேட்டை, குறும்பாடு என்றால் கம்பளி ஆடு. மூன்றும் ஒரு வேரா என்பது சொல்லாராய்ச்சிக்காரர்கள் பாடு. தோற்றவன் பெயர் வென்றவன் வாயில் சேட்டைக்குப் பெயராவது உலகத்தில் புதிதல்ல என்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது.

நான் இடையனை முதலில் சந்தித்தது ஆங்கிலத்தில். பி.ஏ. வகுப்பில் வேர்ட்ஸ்வொர்த்தின் ‘மைக்கேல்’. சகோதரன் மகனுக்குப் பிணை நின்று கடன் தலையில் விழ, கிழ இடையன் தன் மகனைப் பட்டணத்துக்கு அனுப்புகிறான், மகன் திரும்புவதில்லை. 1800ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த கவிதை. அதே 1800இல், ஏப்ரல் மாதம், பிரான்சிஸ் புக்கானன் என்ற டாக்டர் மெட்ராஸிலிருந்து மைசூருக்குப் புறப்பட்டார். கம்பெனிக்காக அவர் எழுதிவைத்த பிரயாணக் குறிப்புகளில் ஆடு வளர்த்துக் கம்பளி நெய்யும் குருபர்கள் வருகிறார்கள். 1909இல் எட்கர் தர்ஸ்டன் ரங்காச்சாரியின் உதவியோடு வெளியிட்ட ஏழு தொகுதிகளில் இன்னும் விவரமாக வருகிறார்கள். கல்யாணக் காப்பைப் பருத்தி நூலில் கட்டுவோர், கம்பளி நூலில் கட்டுவோர் என்று அவர்களுக்குள் பிரிவு. எந்த இழையால் கட்டுகிறாய் என்பதே நீ யார் என்பதற்குப் பதில். வெஸ்ட்மோர்லண்ட் இடையனுக்காகத் துக்கப்படக் கற்றுக்கொண்ட நான் இவர்களைப் படிக்கப் பத்து வருஷம் பிடித்தது.

படித்ததும் ஒரு கிழவரால்தான். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கிளையில் மூன்று வருஷம் இருந்தேன். சித்திரை வெயிலில் தோளில் கறுப்புக் கம்பளியோடு வந்தார். “குளிருக்கா பெரியவரே?” என்றேன். “குளிருக்கு எதுக்கு சார்? மழைக்கு. ராத்திரி தரைக்கு” என்றார்.

கம்பளியின் முழு நியாயமும் அந்தப் பதிலில் இருந்தது. திருச்சி, பெரம்பலூர் பக்கத்து ஆடு கருங்குறும்பை. சின்ன உடம்பு, முழுக் கறுப்பு, சொரசொரப்பான ரோமம். கத்தரித்த ரோமத்தை வில்லால் அடித்துப் பிரித்து நூற்க வேண்டும். குறும்பர் வழக்கத்தில் நூற்பது பெரும்பாலும் பெண்கள், நெய்வது ஆண்கள். பாவு இழைக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போடுவார்கள். இழை விறைத்து நெருக்கம் கொடுக்கும். சாயம் கிடையாது, ஆட்டின் நிறமே துணியின் நிறம். முரட்டு இழையில் மழை சட்டென்று இறங்காது. மடித்துத் தலையில் போட்டால் கொங்காணி. அறுத்த வயலில் எருவுக்காகக் கிடை போடும்போது, ஆட்டோடு கிடக்கிறவனுக்கும் ஈரத் தரைக்கும் நடுவில் இருப்பது அதுதான். உடம்பை உறுத்தும். உறுத்துவதால்தான் அது உழைக்கிறது.

இதைக் குறை என்று கண்டவர்கள் வெள்ளைக்காரர்கள். அவர்கள் கையில் மெரினோ என்ற அளவுகோல் இருந்தது. 24 மைக்ரானுக்குள் அடங்கும் மெல்லிய இழை. யார்க்‌ஷயர் ஆலைக்கு வேண்டியது அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரியில் உள்ளூர் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் கிடாய்கள் கலந்து நீலகிரி இனம் உண்டாயிற்று. அது நல்ல ஆடு, சந்தேகமில்லை. ஆனால் அதன்பின் ‘அபிவிருத்தி’ என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் தங்கியது. சுதந்திரம் வந்தும் அளவுகோல் மாறவில்லை. 1962இல் ராஜஸ்தானில் மத்திய ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையம். அதன் தென்னகக் கிளை 1965இல் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில். அங்கே பாரத் மெரினோ. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் நீலகிரி ஆட்டோடு மெரினோ, ராம்புயே கலந்து சாண்டினோ. ஆராய்ச்சி மலைமேல் ஏறிக்கொண்டது. கருங்குறும்பை சமவெளியில், பட்டியலில் ஒரு வரியாக, ‘மிக முரடான கம்பளி’ என்ற குறிப்போடு நின்றது.

கிழவர் ஆட்டுக் கடனுக்கு வந்திருந்தார். வருமானக் கணக்கு சொல்லும்போது குட்டி விற்பனை, கிடைக்கூலி, அப்புறம் கம்பளி என்றார். முதல் இரண்டையும் எழுதினேன். கம்பளிக்குப் படிவத்தில் கட்டம் இல்லை, எழுதவில்லை. யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஒரு தொழில் அழிவது இப்படித்தான் என்று பிறகு நினைத்துக்கொண்டேன். தடை வேண்டியதில்லை, கட்டம் இல்லாமல் போனால் போதும். இன்று தக்காணத்தின் பல ஊர்களில் கத்தரிக்கும் கூலி கம்பளியின் விலையைவிட அதிகம். கம்பளி ஆட்டு மந்தையில் மயிராட்டுக் கிடாய் நுழைகிறது, கறிக்கு. வெளிநாட்டார் உடுத்திக் கழித்த கம்பளித் துணியைப் பானிப்பட்டில் கிழித்து மறுபடி நூற்றுப் போர்வையாக்கினார்கள். ஒரு தலைமுறை அதைப் போர்த்தியது. அதையும் இப்போது பாலியெஸ்டர் தள்ளுகிறது.

இது தவிர்க்க முடியாத விதி என்பவர்களுக்கு விம்கோ நகரே பதில். 1923இல் சுவீடன்காரர்கள் தொடங்கிய தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர்தான் இந்த ஊருக்கு. 2021 முதல் மெட்ரோ நிலையத்துக்கும். எதிரே சிவகாசியில் கையால் குச்சி அடுக்கினார்கள். பொருளாதார நியாயப்படி விம்கோ சிவகாசியைத் தின்றிருக்க வேண்டும். சுதந்திரத்துக்குப் பின் அரசாங்கம் ஆலைத் தீப்பெட்டிக்கு ஒரு வரியும் கைத்தீப்பெட்டிக்குக் குறைந்த வரியும் வைத்தது. சிவகாசி பிழைத்தது. அங்கே குழந்தைகள் வேலை செய்த அவலத்தை மறக்கவில்லை; கைத்தொழில் என்பதாலேயே எதுவும் புனிதமாகிவிடாது. ஆனாலும் இரண்டு பொருள்களுக்கு இரண்டு அளவுகோல் சாத்தியம் என்பது அங்கே நிரூபணமாயிற்று. கம்பளிக்கு அதை யாரும் யோசிக்கவில்லை.

நம் விமர்சனத்திலும் இந்த மைக்ரான் கணக்கு உண்டு. வெளியிலிருந்து ஒரு மெல்லிய இழையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, இது முரடு என்று ஒதுக்கியிருக்கிறோம். நானும் ஒதுக்கியிருக்கிறேன். தரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கம்பளியிலும் நல்ல நெசவு, மோசமான நெசவு உண்டு. குறும்பனுக்கு அது தெரியும். எதற்காக நெய்யப்பட்டது என்று கேட்காத தரம் தரமல்ல என்கிறேன், அவ்வளவுதான்.

கிழவருக்குக் கடன் கிடைத்தது. கறி ஆடு வாங்கினார்.