யாழ்ப்பாணத்து வேலியும் படலையும்

யாழ்ப்பாணத்து வேலி என்பது இலங்கையின் வட முனையில் வீட்டு வளவுகளைச் சுற்றிக் கட்டப்படும் மர அடைப்பு. கதியால் எனப்படும் உயிருள்ள மரக்கொப்புகளை வரிசையாக நட்டு, குறுக்கே வரிச்சுப் பிடித்து, கிடுகோ பனையோலையோ பனைமட்டையோ வைத்துக் கட்டுவார்கள். பெரும்பாலும் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும். அதில் போக்குவரத்துக்கு விட்ட இடைவெளியை மூடும் கதவு படலை. ஆணி, சீமெந்து, இரும்பு எதுவுமே இல்லாமல் ஒரு வளவைச் சுற்றி அடைத்துவிடலாம் என்பதைப் பல தலைமுறைகளாகக் காட்டி நிற்கும் கட்டுமானம் இது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் காணி பரப்புக் கணக்கில் பேசப்படுகிறது. 16 பரப்பு சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர். இரண்டு மூன்று பரப்புக்குள் வீடும் கிணறும் நாலைந்து தென்னையும் மாட்டுக் கொட்டிலும் அடங்கவேண்டிய ஊரில் அயல்வீடு கூப்பிடு தூரத்தில் அல்ல, கைநீட்டும் தூரத்தில் இருக்கும். ஆடுமாடு தோட்டத்துக்குள் நுழையாமல் தடுக்கவும், கிணற்றடியில் குளிப்பவர்களுக்கு மறைப்பாகவும், ஆண்டின் நடுவில் மாதக்கணக்கில் வீசும் சோளகக் காற்றின் புழுதியைத் தாங்கவும் வேலி தேவைப்பட்டது. கல்மதில் காற்றை முழுதாக மறித்துவிடும். ஓலை வேலியோ காற்றின் வேகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, காற்றை உள்ளே விடும். வெக்கை மிகுந்த நிலத்தில் இது சிறிய வசதி அல்ல.

வேலியின் உறுதி கதியாலில் இருக்கிறது. வெட்டிய கொப்பே வேர்விட்டு மரமாகும் இனங்களைத்தான் இதற்குத் தேர்வார்கள்: கிளுவை, பூவரசு, முள்முருக்கு, வாதராணி, ஒதி. கைப்பிடிப் பருமனான நேர்க்கொப்பைத் தறித்து, அடியைச் சரிவாக வெட்டுவார்கள். மேல்வெட்டு வெயிலில் காய்ந்து வெடிக்காதிருக்கச் சாணி அப்புவதும் உண்டு. நடும் காலம் மாரி. குடாநாட்டின் மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையே விழுகிறது. அந்த ஈரத்துக்குள் வேர்பிடிக்காத கதியால் அடுத்து வரும் நீண்ட கோடையில் பட்டுப்போகும். அலவாங்கால் குழி போட்டு, கதியாலை இறக்கி, சுற்றிலும் மண்ணை இறுக்கி மிதித்துவிட வேண்டும். காற்றில் ஆடும் கொப்பில் புதிதாக வரும் மெல்லிய வேர்கள் அறுந்துவிடும் என்பதால், முதல் சில மாதங்களில் கதியால் அசையாமல் நிற்பதே முக்கியம். அதற்காகவே நட்ட கையோடு ஒரு வரிச்சாவது கட்டிவிடுவார்கள்.

செத்த மரத்தூணுக்கு மண்மட்டத்தில்தான் சாவு. ஈரமும் காற்றும் சேரும் அந்த இடத்தில்தான் உக்கல் தொடங்கும், கறையானும் ஏறும். தூணின் அடியைக் கருக்குவதும் தார் பூசுவதும் அதைத் தள்ளிப்போடும் வழிகள். உயிர்க் கதியாலுக்கு இந்தக் கவலை குறைவு. அது ஆண்டுக்கு ஆண்டு பருத்து மண்ணைப் பற்றிக்கொள்கிறது. வேலி கட்டுபவர்கள் செய்த மிகச் சிறந்த தெரிவு இதுவே.

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குணம் உண்டு. பூவரசு உப்புக் காற்றைத் தாங்கும், கடற்கரை ஊர்களில் செழிக்கும், முதிர்ந்தால் தச்சுவேலைக்கும் ஆகும். கிளுவை மெதுவாக வளர்ந்தாலும் வறட்சிக்கு அசையாது. முள்முருக்கில் வெற்றிலைக் கொடி படரும். கல்யாண வீட்டில் கன்னிக்கால் ஊன்றவும் அந்த மரத்தின் தடியே வேண்டும். பின்னாளில் வந்து சேர்ந்தது சீமைக்கிளுவை. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த இம்மரம் விரைவாக வளரும், காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்க்கும். இலங்கை அரசு 2005இல் இதைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. கதியால்களை வெட்டி அலங்கரிக்கும்போது விழும் குழை வீணாவதில்லை. ஆட்டுக்குப் போடுவார்கள், மிச்சத்தைத் தோட்டத்து மண்ணில் தாட்டு எருவாக்குவார்கள். புகையிலையும் வெங்காயமும் விளைந்த நிலங்களுக்கு வேலிகள் ஆண்டுதோறும் பசளை கொடுத்தன.

கதியால் நின்றபின் வரிச்சு. பனைமட்டையை அல்லது நீண்ட தடிகளைக் கிடையாக வைத்துக் கட்டும் இந்தப் பட்டிகள் வேலியின் உயரத்துக்கு ஏற்ப மூன்றோ நான்கோ வரும். கிடுகு தென்னோலையில் செய்யப்படுவது. ஓலையை நடுநரம்போடு இரண்டாகக் கிழித்து, நீரில் ஊறவைத்து, இலைகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பின்னுவார்கள். ஊறிய ஓலை வளையும், பின்னும்போது முறியாது. உப்புநீரில் ஊறியது நின்றுபிடிக்கும் என்று கடலோரத்தவர் சொல்வார்கள். கிடுகை வேலியில் வைக்கும்போது கீழ்வரிசையை முதலில் கட்டி, அதன் தலையை மூடும்படி மேல்வரிசையை இறக்க வேண்டும். மாறிக் கட்டினால் மழைநீர் உள்மடிப்பில் தங்கி, கட்டும் ஓலையும் சேர்ந்து உக்கும்.

வேலி அடைப்பது இரண்டு பேர் வேலை. மழை ஓய்ந்து காய்ந்த மாதம் ஒன்றில், பழைய ஓலையைப் பிரித்து எருக்கும்பிக்குத் தள்ளிய பிறகு, ஒருவர் வளவுக்கு உள்ளேயும் மற்றவர் ஒழுங்கையிலும் நிற்பார். கையில் குத்தூசி, அதாவது முனையில் துளையிட்ட நீண்ட மர ஊசி. வெளியிலிருப்பவர் கயிற்றைக் கோத்து ஓலைக்குள்ளால் குத்துவார். உள்ளே நிற்பவர் கயிற்றைக் கழற்றி, வரிச்சைச் சுற்றி எடுத்து, மீண்டும் ஊசியில் கோத்து, கதியாலின் மறுபக்கத்தால் அனுப்புவார். வெளியாள் ஒரு காலை வரிச்சில் உதைத்து ஊன்றிக்கொண்டு கயிற்றை இழுத்து முடிச்சுப் போடுவார். ஒருவரை ஒருவர் பார்க்காமலே, "குத்து", "இழு", "விடு" என்ற சொற்களிலேயே நாள் நகரும். கிடுகு வேலி ஓரிரு ஆண்டுக்குமேல் தாங்காது. அதனால் இந்த வேலை ஒவ்வொரு வீட்டிலும் திரும்பத் திரும்ப வந்தது.

ஓலையை விட உறுதி வேண்டியவர்கள் மட்டை வேலிக்குப் போனார்கள். பனைமட்டையின் இரு ஓரத்திலும் வாள்பல் போன்ற கருக்கு இருக்கும். அதைச் சீவாமல் நெருக்கி நிறுத்திக் கட்டினால் ஆடும் நாயும் மட்டுமல்ல, ஆளும் எளிதில் நுழைய முடியாது. தோட்டங்களுக்கும் வெறுங்காணிகளுக்கும் முட்கொப்புகளைக் குவித்துக் கட்டும் அலம்பல் வேலி போதுமானதாக இருந்தது.

படலையில்தான் கட்டுபவரின் கைத்திறன் வெளிப்படும். வேலி நின்ற இடத்தில் நிற்கும். படலை நாள்தோறும் பலமுறை திறந்து மூடப்படுகிறது, அதன் முழுப் பாரமும் ஒரே பக்கத்துத் தூணில் தொங்குகிறது. ஆகவே அந்தத் தூணுக்கு மட்டும் வைரம் பாய்ந்த முதிர்பனையைத் தேடுவார்கள். பனையின் வெளிச்சுற்றில்தான் கருநார் அடர்ந்த வைரம் இருக்கிறது. நடுப்பகுதி மென்மையானது, அதை நீக்கிவிடுவார்கள். வைரப் பகுதியில் ஆணி நேராக இறங்காது, துளையிட்டே அடிக்க வேண்டும். கறையான் அதை லேசில் தொடாது. தூணை ஆழமாக இறக்கி, குடாநாட்டில் எங்கே தோண்டினாலும் வரும் சுண்ணக்கல்லை உடைத்துச் சுற்றி அடைத்தால் சாயாது.

படலை காலப்போக்கில் தொய்ந்து நிலத்தில் உரசுவது எங்கும் உள்ள குறை. நாற்சட்டத்தை மட்டும் அடித்துவிட்டால் மூலைகள் நெகிழ்ந்து சட்டம் சாய்சதுரமாகும். அதைத் தடுப்பது மூலைவிட்டமாகப் போடும் சாய்சட்டம். இதைத் தூணோடு சேரும் பக்கத்தின் கீழ்மூலையிலிருந்து, திறக்கும் பக்கத்தின் மேல்மூலைக்குப் போட வேண்டும். அப்போது படலையின் தொங்குபாரம் சட்டத்தை அமுக்கித் தூணின் அடிக்குப் போகும். மரம் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். எதிர்ப்பக்கமாகப் போட்டால் பாரம் மரத்தை இழுக்கும், இழுவை முழுவதும் ஆணிகளின் மேல் விழும், விரைவில் ஆணி கழலும். எதிர்மூலையில் போட வேண்டிவந்தால் முறுக்கிய கம்பியே சரி. மரப்படலைக்கு உலகில் எந்த ஊரிலும் இந்தக் கணக்கு மாறாது.

வசதி படைத்த வீடுகளில் படலைக்கு மேல் சிறு கூரை போட்டார்கள். இது சங்கடப் படலை. இரு பக்கமும் திண்ணை, மேலே ஓலை அல்லது ஓடு. வெயிலில் நடந்து வருபவர் வீட்டுக்காரரைக் கேட்காமலே உட்கார்ந்து ஆறலாம். சில இடங்களில் தண்ணீர்ப் பானையும் வைத்திருப்பார்கள். அடைப்பின் மிக இறுக்கமான இடத்தையே அந்நியருக்கு நிழலாகக் கொடுத்த இந்த அமைப்பு, யாழ்ப்பாணக் கட்டடக்கலை தந்தவற்றுள் மிக அழகானது.

ஆனால் எல்லோருக்கும் படலை ஒரே மாதிரித் திறக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் படலைக்கு வெளியே நின்று குரல் கொடுக்க வேண்டியிருந்த காலம் நீண்டது. பொது இடங்களில் சாதி காட்டித் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல்தான் வந்தது. வீட்டுப் படலை அதற்குள் அடங்கவில்லை. உயர்ந்த வேலி பெண்களின் நடமாட்டத்தையும் அளந்தது. இந்த மூடிய வாழ்வைக் குறிக்கக் 'கிடுகு வேலி' என்ற பெயரே எடுத்தாளப்பட்டது. செங்கை ஆழியான் அதே தலைப்பில் நாவல் எழுதினார்.

எல்லைச் சச்சரவு இந்த வேலியோடு பிறந்தது. வேலி அடைக்கும் சாக்கில் கதியாலைச் சாண் அளவு அரக்கி நடுவதும், அதைக் கண்டுபிடித்து அயலவர் கொதிப்பதும், வழக்கு நீதிமன்றம் ஏறுவதும் ஊரெங்கும் நடந்தவை. வேலிக்கு ஓணான் சாட்சி என்பதுபோல, பக்கத்துக்கு ஒருவர் சாட்சி சொல்வார். மண்ணின் வழக்கங்களை ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்த தேசவழமை, காணி விற்பனையில் உரித்தாளருக்கும் பங்காளிக்கும் கொடுத்த முன்னுரிமையில் அயற்காணியாரையும் ஒரு நிபந்தனையோடு சேர்த்திருந்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் எனக் குறுக்கியது. அதே வேளை, சண்டை பிடிக்கும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பொட்டும் இருக்கும். நெருப்பெடுக்கவும் கறி கொடுத்து வாங்கவும் பிள்ளைகள் குனிந்து போய்வரவும் ஓலையை விலக்கி விட்ட அந்தத் துவாரத்தை வேலி அடைக்கும்போதும் மூடமாட்டார்கள்.

வேலியில் படரும் குறிஞ்சாவும் முசுமுசுக்கையும் தூதுவளையும் வறைக்கும் குடிநீருக்கும் ஆகும். அணில், ஓணான், செண்பகம் எல்லாம் அங்கே குடியிருக்கும். மதில் எழும்போது இவை முதலில் காணாமற்போகின்றன. இந்த இழப்பை ஊர் இன்னும் சரியாக எண்ணிப் பார்க்கவில்லை.

மாற்றம் பல வழியால் வந்தது. ஓலையும் கூலியும் விலையேற, தார்ப்பீப்பாய்த் தகரமும் பிறகு கூரைத் தகரமும் கிடுகின் இடத்தைப் பிடித்தன. உள்நாட்டுப் போர்க்காலத்தில் பெருந்தொகைப் பனைகள் பதுங்குகுழிகளுக்காக வெட்டப்பட்டன; உயிர்ப்பனையை வெட்ட இன்று அனுமதி வேண்டும். 1995 ஐப்பசியில் குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது பராமரிப்பின்றி வேலிகள் சரிந்தன. 1990 முதல் இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் சிக்கிய வலிகாமம் வடக்குக் காணிகளில் பல விடுவிக்கப்பட்டபோது, வீடும் வேலியும் அழிந்த பலர் கிணற்றையும் எஞ்சிய மரத்தையும் வைத்தே தங்கள் எல்லையைத் தேடினார்கள். உயிர்ப்பனையை வெட்ட இன்று அனுமதி வேண்டும். இன்று புதிதாக அடைப்பவர்கள் பலர் சீமெந்துத் தூணும் முட்கம்பியும் போட்டு, இடையிடையே சீமைக்கிளுவைக் கதியால் நடுகிறார்கள். கம்பி ஆடுமாட்டை உடனே தடுக்கிறது. கதியால் பருத்து நெருங்கும்வரை சில ஆண்டுகளுக்கு மறைப்பாகக் கிடுகோ தகரமோ கட்டுகிறார்கள்.