எஃகுச் சைக்கிள் புதுப்பிப்பு: கோலார் தங்கவயல் வட்டாரம்

பழைய எஃகுச் சட்டச் சைக்கிளை முற்றாகப் பிரித்து, துருவை நீக்கி, தேய்ந்த உறுப்புகளை மாற்றி, நெடும்பயணத்துக்கு ஏற்ற கியரும் பிரேக்கும் பொருத்தி மீண்டும் சாலைக்குக் கொண்டுவரும் கைத்தொழில் இது. இங்கு பேசப்படுவது பெரும்பாலும் 28 அங்குலச் சக்கரமும் கம்பிப் பிரேக்கும் கொண்ட கறுப்பு ‘ரோட்ஸ்டர்’ வகை. ராலே, ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. ஆகிய பெயர்களில் முதலில் இங்கிலாந்திலிருந்தும் பிறகு அம்பத்தூர், ஆசன்சோல் ஆலைகளிலிருந்தும் வந்த வண்டிகள் இவை.

ஊர்ப் பின்னணி

கோலார் தங்கவயலில் 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் பெரிய அளவில் சுரங்கத் தொழிலைத் தொடங்கியது. அதற்கு முன் உரிமம் பெற்றவர் மைக்கேல் லாவல் என்ற ஓய்வுபெற்ற படைவீரர். உரிமம் கிடைத்த ஆண்டைச் சிலர் 1873 என்பர், சிலர் 1875 என்பர். பௌரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காரப்பேட்டை) மாரிகுப்பத்துக்குக் கிளை ரயில் வந்ததும், 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததும் ஊரின் வேகத்தை மாற்றின. வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் சுரங்கங்களை ஒட்டிய ‘லைன்’ வீடுகளில் குடியேறினர். சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசிடமும் 1962-இல் மத்திய அரசிடமும் சென்றன. 1972 முதல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் நடத்தி, 2001 பிப்ரவரி 28-இல் மூடியது.

இந்த வரலாறு சைக்கிளுக்கு எவ்வகையில் பொருந்தும் என்று கேட்கலாம். ஆழச் சுரங்கம் என்பது இயந்திரங்களின் ஊர். இறக்குப் பொறி, பம்பு, துளைப்பான் எல்லாவற்றையும் உள்ளூரிலேயே பழுதுபார்க்கக் கடைசல் பட்டறையும் கொல்லுலையும் பற்றவைப்பும் வேண்டியிருந்தன. 1964-இல் உருவான பெமல் (பாரத் எர்த் மூவர்ஸ்) நிறுவனத்தின் ஆலை இந்த உலோகத் தொழிலறிவுக்கு இன்னொரு வாழ்விடம் தந்தது. எஃகுச் சைக்கிளுக்கு வேண்டிய கைத்திறனும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்: இழை வெட்டுவது, வளைந்ததை நிமிர்த்துவது, பித்தளை ஊற்றி இணைப்பது.

நெடும்பயண முன்னோடிகள்

எஃகுச் சைக்கிளில் நெடும்பயணம் போவதற்கு முன்னோடிகள் உண்டு. பம்பாயிலிருந்து 1923 அக்டோபரில் புறப்பட்ட பார்சி இளைஞர் குழுவில் ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பூம்காரா மூவர் சைக்கிளில் உலகைச் சுற்றி 1928 மார்ச்சில் திரும்பினர். பிரம்ரோஸ் தாவர் 1924-இல் புறப்பட்டு 1931-இல் திரும்பினார். ராம்நாத் பிஸ்வாஸ் 1931-இல் சிங்கப்பூரிலிருந்து தன் சைக்கிள் பயணத்தைத் தொடங்கினார்.

நாட்டிங்காமும் அம்பத்தூரும்

இந்த வண்டிகளின் வரலாற்றில் பதிவுகள் மிகுந்தது நாட்டிங்காம், அம்பத்தூர் ஆலைகளின் காலமே. ஹாங்காங்கிலிருந்து உடல்நலம் குன்றித் திரும்பிய பிராங்க் பௌடன், நாட்டிங்காமின் ராலே தெருவில் இருந்த சிறு பட்டறையை வாங்கி 1888-இல் ராலே நிறுவனத்தை அமைத்தார். அதன் துணை நிறுவனமாக வளர்ந்த ஸ்டர்மி-ஆர்ச்சரின் மூன்று கியர் ஹப்புக்கு 1902-இல் காப்புரிமை பெறப்பட்டது. ஹென்றி ஸ்டர்மி, ஜேம்ஸ் ஆர்ச்சர் இருவரின் பெயரையும் தாங்கினாலும், மூல வடிவமைப்பு வில்லியம் ரெய்லியுடையது என்ற வாதம் வலுவாக உள்ளது. ரெய்லி ஏற்கெனவே வேறொரு ஹப் நிறுவனத்துடன் ஒப்பந்தத்தில் இருந்ததால் காப்புரிமை ஆர்ச்சர் பெயரில் எடுக்கப்பட்டது என்பது அவ்வாதம். இன்று அதிகம் கையில் கிடைப்பது ஏ.டபிள்யூ. வகை ஹப். அதன் பிறந்த ஆண்டு 1936 என்றும், பேரளவில் வந்தது 1938-இல்தான் என்றும் இரு கணக்குகள் உண்டு.

இந்த ஹப்பைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்வது தகும். உள்ளே ஒரு சூரியப் பல்லும் அதைச் சுற்றும் சிறு பற்களும். நடுக் கியர் நேரடி, கீழ்க் கியர் அதன் 75 விழுக்காடு, மேல் கியர் 133 விழுக்காடு. பழைய ஹப்பின் உடலிலேயே ஆண்டும் மாதமும் எண்ணாகக் குத்தப்பட்டிருக்கும். ‘58 4’ என்றிருந்தால் 1958 ஏப்ரல். சட்டத்தின் எண் அழிந்துபோன வண்டிக்குக்கூட வயது சொல்ல இதுவே போதும்; சக்கரம் பின்னால் மாற்றப்பட்டதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே எச்சரிக்கை. உடலில் ஓர் எண்ணெய்த் துளை இருக்கும். சில சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டுவந்தால் பல பத்தாண்டுகள் உழைக்கும். பல ஆண்டுகள் சும்மா கிடந்த ஹப் பெரும்பாலும் கெட்டிருக்காது. காய்ந்த எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து விடுவித்த பின், நடுக் கியரில் வைத்து, வலப்பக்க நட்டின் துளை வழியே பார்க்க வேண்டும். கியர் மாற்றும் சிறு சங்கிலியோடு சேர்ந்த கம்பியின் தோள் ஆக்சிலின் முனைக்கு நேராக நிற்க வேண்டும். இந்தச் சரிபார்ப்பைத் தவிர்ப்பது ஆபத்து: இரண்டாம், மூன்றாம் கியர்களுக்கு நடுவே ஏ.டபிள்யூ.வுக்கு ஒரு வெற்று நிலை உண்டு. எழுந்து நின்று மிதிக்கும்போது கால் சட்டென வழுக்கிவிடும்.

பிர்மிங்காமின் ஹெர்குலிஸ் 1910-இல் தொடங்கி 1930களில் உலகின் மிகப் பெரிய சைக்கிள் உற்பத்தியாளராக வளர்ந்தது. 1946-இல் அதை வாங்கிய டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் முருகப்பா குழுமம் கைகோத்து 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியாவை நிறுவியது. 1951 முதல் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகள் வெளிவந்தன; பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. பெயர்களும் பிறகு சேர்ந்தன. குழாய்க்கு ஆவடியில் 1955-இல் டியூப் புராடக்ட்ஸ், சங்கிலிக்கு 1960-இல் டி.ஐ. டயமண்ட் செயின் என்று ஒரு தொடர் உருவானது. அம்பத்தூர், ஆவடி, அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை, குப்பம், பங்காரப்பேட்டை எல்லாம் ஒரே இருப்புப்பாதையில் இருப்பவை. தங்கவயலுக்கு மிக அருகில் கிடைக்கக்கூடிய புதிய சைக்கிளும் அதன் உதிரியும் இந்த ஒரே பாதையில் வர முடிந்தது.

வங்காளத்தில் ராலே உரிமத்துடன் சென்-ராலே ஆசன்சோலில் 1950களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கியது, 1980-இல் நாட்டுடைமையானது. சோனிபட்டில் அட்லஸ் 1951-இலும், லூதியானாவில் ஹீரோ 1956-இலும் வந்தன. இங்கிலாந்து எஃகு உயர்ந்தது, இந்திய எஃகு தாழ்ந்தது என்ற பேச்சு சேகரிப்பாளர்களிடம் பரவலாக உண்டு. ரோட்ஸ்டர் அளவில் இரண்டுமே சாதாரணக் கார்பன் எஃகுதான். வேறுபாடு பெரும்பாலும் கோன், பால்ஸ், காட்டர் பின் போன்ற சிறு உறுப்புகளின் கடினப்படுத்தலிலும் குரோம் பூச்சின் தடிப்பிலும் தெரியும் என்று கொள்வது பொருத்தம்.

ஓவராயில்

சைக்கிள் கடைகளில் ஆண்டுக்கொரு முறை செய்யப்பட்டுவந்த ஓவராயில்தான் புதுப்பிப்பின் அடித்தளம். சட்டத்திலிருந்து எல்லாவற்றையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்துப் பூட்டுவது. அரிதான வண்டிக்கு அதே வேலை கூடுதல் நிதானத்தோடு செய்யப்படுகிறது.

முதல் தடை பெரும்பாலும் காட்டர் பின். கிராங்கையும் ஆக்சிலையும் இணைக்கும் இந்த ஆப்பு, பழைய ஆங்கில வண்டிகளில் 9.5 மி.மீ. தடிப்பு. சுத்தியால் அடித்தால் திருகு முனை நசுங்கும், அடி முழுவதும் பால்ஸ் ஓடும் கிண்ணத்தில் இறங்கும். அழுத்திக் கழற்றும் கருவியே நல்லது. அது இல்லாதபோது கிராங்கின் அடியில் கனமான இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து ஒரே அடியில் இறக்குவர். பூட்டும்போது இரு பின்களும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும். இல்லையேல் இரு மிதிகளும் நேர்கோட்டில் நில்லா.

அடுத்த சிக்கல் இழை. மற்ற ஆங்கில வண்டிகளின் அடிக்கிண்ணம் அங்குலத்துக்கு 24 இழை. ராலே மட்டும் 26. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் கிண்ணத்தைத் திணித்துத் திருகினால் சட்டம் பாழாகும். இந்த ஒரு எண்ணைத் தெரிந்துவைத்திருப்பது பல வண்டிகளைக் காத்திருக்கிறது. அடிக்கிண்ணத்தில் பக்கத்துக்கு 11 வீதம் கால் அங்குல பால்ஸ் போடுவது வழக்கம்.

துருவுக்கு ஆக்சாலிக் அமிலக் கரைசல் பரவலாகப் பயன்படுகிறது. அது குரோமைத் தின்னாமல் துருவை மட்டும் கரைக்கிறது. கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். மேலோட்டமான துருவுக்கு ஈரப்படுத்திய அலுமினியத் தாளால் தேய்த்தாலே போதும். வண்ணத்தில் கருத்து வேறுபாடு உண்டு. முழுதும் சுரண்டிப் புதிதாகப் பூசுவோர் ஒரு தரப்பு. அசல் கறுப்பு எனாமல், கையால் இழுத்த பொன்னிறக் கோடு, சின்னத் தாள் எஞ்சியிருக்கும்வரை தொடக்கூடாது என்போர் மறு தரப்பு. இரண்டாம் தரப்பின் வாதமே எடை மிக்கது. பூச்சை எப்போது வேண்டுமானாலும் புதிதாகப் போடலாம். அசலை ஒருமுறைதான் அழிக்க முடியும். உள்ளாட்சிகள் ஆண்டு வரிக்கு அத்தாட்சியாகக் கொடுத்த உலோக வில்லை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் கழற்றாமல் விடுவது நலம்.

வட்டாரத்துக்கே உரிய ஒரு கவனமும் உண்டு. தங்கம் பிரித்த பின் கொட்டிய சைனைடு மேடுகளிலிருந்து காற்றுக் காலத்தில் பறக்கும் நுண்மணல், எண்ணெய் கசியும் எந்த உறுப்பிலும் படியும். கிரீஸோடு கலந்த மணல் கோனை அரைத்துவிடும். ஆகவே ஹப்பின் தூசுமூடிகளைச் சரியாகப் பொருத்துவதும், சங்கிலி உறை இருந்தால் அதைக் கழற்றாமல் வைத்துக்கொள்வதும் இங்கு அழகுக்காக மட்டும் அல்ல.

மேம்படுத்தல்

தங்கவயல் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 850 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுநிலம். பேத்தமங்கலம் ஏரி, கம்மசந்திரத்தின் கோடிலிங்கேஸ்வரர், ஆவனி, குப்பம் என்று எந்தத் திசையில் போனாலும் ஏற்ற இறக்கம் உண்டு. முன்பல் 48, பின்பல் 18 உள்ள ரோட்ஸ்டரின் கியர் அளவு (பல் விகிதத்தைச் சக்கர விட்டத்தால் பெருக்கியது) சுமார் 75 அங்குலம். சுமையோடு மேடேற இது கடினம். மூன்று கியர் ஹப்பிலும் இதே பல் இருந்தால் கீழ்க் கியர் 56 அங்குலமே. பின்பல்லை 22 ஆக்கினால் அது 46-க்கு இறங்கும், நடுக் கியர் 61 ஆகும். ஒரு பல்சக்கரமும் சற்றே நீண்ட சங்கிலியும்தான் செலவு. பழைய வண்டிக்குச் செய்யக்கூடிய மேம்படுத்தல்களில் இதைவிடப் பயனுள்ளது வேறொன்று சொல்வது கடினம். சட்டத்தில் ஒரு கீறல்கூட விழாது என்பது கூடுதல் நன்மை.

பிரேக் இதைவிடச் சிக்கலானது. கம்பிப் பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் உள்முகத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிப்பவை. அதற்கென வளைவு கொண்ட எஃகு ரிம் வேண்டும். குரோம் எஃகு நனைந்தால் பிடிமானம் வெகுவாகக் குறையும். அலுமினிய ரிம்முக்கு மாறினால் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும், எடையும் குறையும். ஆனால் பழைய 28 × 1½ ரிம்மின் விட்டம் 635 மி.மீ., இன்றைய 700சி ரிம்முக்கு 622. ஆரத்தில் ஆறரை மி.மீ. குறைவதோடு கம்பிப் பிரேக் முற்றிலும் பயனற்றுப் போகும். நீண்ட கை உடைய காலிப்பர் வேண்டும், அதற்குச் சட்டத்தில் துளை வேண்டும். டிரம் பிரேக் உள்ள ஹப்பைப் பழைய அளவு ரிம்மிலேயே கோப்பது இரண்டுக்கும் நடுவான வழி. மழையில் நிற்கும், சட்டத்தைத் துளைக்க வேண்டாம்.

பழைய ஆங்கில வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 போக்ஸ் கம்பி. நாற்பது துளை ரிம் மேலைநாடுகளில் அரிதாகிவிட்டது. இந்தியக் கடைகளில் இன்னும் விற்கிறது. மேலைநாட்டுப் புதுப்பிப்பாளர்கள் ரிம்மையும் டயரையும் இங்கிருந்து தருவித்துக்கொள்வதும் உண்டு.

பின் ஃபோர்க்கை அகட்டிப் பல அடுக்குப் பல்சக்கரம் போடுவோரும் உண்டு. சாதாரணக் கார்பன் எஃகு சில மி.மீ. அகட்டலைத் தாங்கும்; அகட்டிய பின் இரு முனைகளும் இணையாக நிற்கச் சரிசெய்ய வேண்டும். 1935-இல் வந்த ரெனால்ட்ஸ் 531 போன்ற மெல்லிய கலப்பெஃகுச் சட்டங்களில் கூடுதல் கவனம் தேவை. பற்றவைப்பில் அளவுக்கு மீறிச் சூடேற்றினால் அவை வலுக்குறையும். ரோட்ஸ்டர் சட்டம் ஊர்ப் பட்டறையின் தீயைப் பொறுத்துக்கொள்ளும். அதன் எடையைக் குறை சொல்வோர் இந்தப் பொறுமையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அண்மைக் காலம்

சுரங்கம் மூடியபின் தங்கவயல் மக்களில் பலர் தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். நாட்டிங்காமின் ஸ்டர்மி-ஆர்ச்சர் ஆலை 2000-இல் மூடப்பட்டு, பெயரும் இயந்திரங்களும் தைவானின் சன்ரேஸ் நிறுவனத்துக்குச் சென்றன. இன்றைய மூன்று கியர் ஹப்பில் பழைய வெற்று நிலை நீக்கப்பட்டுள்ளது. எண்ணெய்த் துளையும் இல்லை. அட்லஸ் தன் சாஹிபாபாத் ஆலையை 2020 ஜூன் 3 அன்று நிறுத்தியது. லூதியானா ஆலைகள் 28 அங்குல ரோட்ஸ்டர்களையும் அவற்றுக்கான டயர்களையும் தொடர்ந்து செய்துவருகின்றன.