நெய் பூசிய வேலும் நெகிழி உறையும்

இரும்பைச் செய்வது ஒரு கலை. செய்த இரும்பைத் துருவிடமிருந்து காப்பது மற்றொரு கலை. முன்னதைக் குறித்து நம்மிடையே பெருமிதப் பேச்சுகளுக்குக் குறைவில்லை. பின்னதைப் பற்றி ஏனோ நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. சேலம், நாமக்கல் சமவெளிகளை முன்வைத்து அந்த இரண்டாவது கலையின் வரலாற்றை இங்கே சற்று நோக்குவோம்.

புறநானூற்றின் 95ஆம் பாடல் தமிழ் படித்தோர் அனைவரும் அறிந்தது. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலங்களைக் காண்கிறார். அவை மயிற்பீலி சூடி, மாலை தாங்கி, காம்பு திருத்தி, நெய் பூசப்பெற்று, காவல் மிகுந்த அரண்மனையில் அழகுற வீற்றிருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி, நுனி சிதைந்து, கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் பழித்த நயத்தை வகுப்பறைகளில் விரித்துரைக்கிறோம். ஆனால் அந்த நெய்யை யாரும் நின்று நோக்குவதில்லை. இருப்பில் வைத்த இரும்பு காற்றும் ஈரமும் பட்டுக் கெடும், எண்ணெய்ப் பூச்சு அவ்விரண்டையும் தடுக்கும் என்ற தொழிலறிவு அக்காலத்தில் பொதுவறிவாக இருந்தமையாலேயே அந்தக் குத்தல் கேட்போருக்கு விளங்கிற்று. துரு பிடிக்க நேரமில்லாத வேல், துரு பிடிக்காமல் காக்கப்படும் வேல் என்ற இரண்டுக்கும் இடையில்தான் பாடலின் நகை பிறக்கிறது.

அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. 1965 வரை அது சேலம் மாவட்டத்திற்கு உட்பட்டிருந்தது. நாமக்கல் குன்றின் குடைவரைகளும் பிற்கால அதியர் மரபோடு தொடர்புடையவை. ஆகவே அவ்வேல்களின் நிலம் நம் நிலமே. இந்நிலத்தின் இரும்பு எவ்வளவு பழையது என்பதற்கு இன்று சான்றுகள் பெருகியுள்ளன. 2025 சனவரியில் தமிழக அரசு வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' என்னும் நூல், மேட்டூர் அருகேயுள்ள தெலுங்கனூர், மாங்காடு ஆகிய ஊர்களில் கிடைத்த இரும்புப் பொருள்களின் காலக்கணிப்புகளையும் எடுத்துரைக்கிறது. அவை கி.மு. இரண்டாம் ஆயிரத்தைச் சேர்ந்தவை. தெலுங்கனூர் வாள் மிகுந்த கரியளவு கொண்ட எஃகு என்பது நாம் வியப்போடு குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

கஞ்சமலையின் காந்தத் தாது ஆங்கிலேயரையும் ஈர்த்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலரான யோசையா மார்ஷல் ஹீத், 1825இல் சென்னை மாகாணத்தில் இரும்புத்தொழிலுக்கான தனியுரிமை பெற்றார். பரங்கிப்பேட்டையில் அவர் தொடங்கிய உருக்காலைக்குச் சேலம் பகுதியின் தாது சென்றது. காடுகள் கரியாகிக் குறைந்தன; ஆலையும் நிலைக்கவில்லை. ஹீத் இங்கிலாந்து திரும்பி, 1839இல் எஃகுத் தயாரிப்பில் மாங்கனீசைப் பயன்படுத்தும் காப்புரிமை பெற்று, அதற்கான வழக்குகளிலேயே தம் வாழ்நாளைக் கரைத்தார். நம் ஊர்களின் சிற்றுலைகளும் சீமை இரும்பின் விலைக்கு ஈடுகொடுக்க இயலாமல் காலப்போக்கில் அணைந்தன.

துருவை வெல்ல மனிதர் கண்ட வழிகள் பலவானாலும், உட்பொருள் ஒன்றுதான்: இரும்புக்கும் ஈரக்காற்றுக்கும் இடையே மெல்லிய திரையொன்று வேண்டும். நெய் அத்தகைய திரை. ஏறத்தாழ 1600 ஆண்டு பழமையான தில்லி இரும்புத் தூணில் அத்திரை தானாகவே அமைந்தது. அதன் இரும்பிலுள்ள பாஸ்பரஸ் நாளடைவில் மேற்பரப்பில் ஒரு காப்புப் படலத்தை உருவாக்கியதைக் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர்.பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து விளக்கினார். கஞ்சமலை அடிவாரத்தில் 1980களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலை வார்த்தெடுத்த துருவேறா எஃகிலும் இதே தத்துவம். அதில் கலந்துள்ள குரோமியம் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலமாகித் தன்னைத் தானே காக்கிறது. தமிழ்நாட்டிலேயே இவ்வாய்வுக்கெனக் காரைக்குடியில் ஒரு நிறுவனம் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்தில் எழுந்து, 1953 சனவரி 14 அன்று திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமே அது.

எல்லா உறுப்புகளையும் துருவேறா எஃகில் செய்வது கட்டுப்படியாகாது. பற்சக்கரமும் தண்டும் பேரிங்கும் சாதாரண எஃகாகவே வருகின்றன. கடைந்து மெருகேற்றிய பரப்புக்குப் பெயிண்ட் அடிக்கவும் இயலாது. கிரீஸ் தடவினால், பெற்றுக்கொள்பவர் அதை மண்ணெண்ணெயில் கழுவி எடுக்க வேண்டும். சாதாரண பாலித்தீன் பையில் கட்டினாலோ வேறொரு தீங்கு நேர்கிறது. பகல் வெப்பத்தில் அடைபட்ட ஈரம், இரவுக் குளிரில் உலோகத்தின் மேல் வியர்வையாய்ப் படிகிறது. காக்க வந்த உறையே கெடுக்கும் உறையாகிறது.

1940களில் அமெரிக்காவில் இதற்கு ஒரு விடை கண்டனர். திடப்பொருளாயிருந்து மெல்ல ஆவியாகும் சில வேதிச்சேர்மங்களை உறைத்தாளில் பூசினர். அந்த ஆவி உறைக்குள் பரவி, கை எட்டாத துளைகளிலும் புகுந்து, உலோகத்தின்மேல் மெல்லிய படலமாய்ப் படிந்து துருவைத் தடுத்தது. உறையைப் பிரித்ததும் ஆவி கலைந்துவிடும். கழுவ வேண்டிய தேவையில்லை. போர்த்தளவாடங்களைக் காக்கவே முதலில் இது பெரிதும் பயன்பட்டது. பின்னாளில் அதே பொருளைப் பாலித்தீன் படலத்திற்குள்ளேயே கலந்து வார்த்தனர். தொழிற்கூடங்களில் 'வி.சி.ஐ. கவர்' என்று வழங்குவது இதுதான். வேலுக்குப் பூசிய நெய்யே இங்கு ஆவி வடிவம் எடுத்திருக்கிறது எனலாம்.

எனினும் உறை மந்திரமன்று. உறுப்பு தூய்மையாகவும் உலர்ந்தும் இருத்தல் வேண்டும். வெறுங்கையின் வியர்வையிலுள்ள உப்பு போதும், விரல் ரேகை வடிவிலேயே துரு எழும். பையின் வாய் திறந்திருப்பின் ஆவி வெளியேறிவிடும். இரும்புக்கு உகந்த சேர்மம் செம்புக்கும் பித்தளைக்கும் உகந்ததாய் இருக்க வேண்டியதில்லை. பழைய சேர்மங்கள் சில உடலுக்குத் தீங்கானவை என்பதால் மாற்றுகளும் வந்துள்ளன.

நாமக்கல் லாரிக்கூடு கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்றது. திருச்செங்கோட்டு ஆழ்துளை ரிக் வண்டிகள் ஆப்பிரிக்கா வரை சென்றுள்ளன. மாதக்கணக்கில் உப்புக்காற்றில் மிதந்து செல்லும் ஓர் உதிரி உறுப்பு துருவோடு போய்ச் சேர்ந்தால், இழப்பு பெருநிறுவனங்களைவிடக் கடன் வாங்கிப் பட்டறை நடத்தும் சிறு முதலாளியையும் அவரிடம் கூலி பெறுவோரையுமே கடுமையாகத் தாக்கும். செய்த உழைப்பு முழுவதும் ஒரு பழுப்புக் கறையில் மறைந்துவிடுகிறது.

இன்னோர் இழப்பும் உண்டு. அகழ்ந்தெடுத்த பழைய இரும்பில் மண்ணின் குளோரைடு உப்புகள் தங்கியிருக்கும். மண்ணுக்குள் ஆயிரமாண்டு தாங்கிய பொருள், வெளிக்காற்றின் ஈரம் பட்ட சில ஆண்டுகளிலேயே பொருக்குப் பொருக்காய் உதிரக்கூடும். உப்பு நீக்கி, ஈரமற்ற பேழையில் வைத்துக் காப்பதே அதற்கு வழி. தொன்மையைப் பறைசாற்றும் ஆர்வத்தில் பாதியேனும் இப்பாதுகாப்பில் நாம் காட்ட வேண்டும் என்று கருதுகிறோம்.

ஔவையார் நெய் பூசிய வேலை நகைத்தது போர்க்களத்தின் அளவுகோல் கொண்டு. வரலாற்றின் அளவுகோல் வேறு. கொல்லன் கொட்டிலில் உருக்கி மீண்டும் அடிக்கப்பட்ட அதியமானின் வேல் நமக்குக் கிடைக்கப்போவதில்லை. யாரோ ஒருவர் பொறுமையோடு துடைத்து, பூசி, பொதிந்து வைத்த இரும்பே நாளைய தலைமுறையிடம் பேசும்.