மண்ணுக்குள் மறைந்த மரணம்

தாம்பரத்தில் மனை வாங்கும் நாம், பாறை இருக்குமோ, தண்ணீர் கிட்டுமோ என்றே கேட்கிறோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாயிலான முகமாலையில் நம் மொழியினர் நெடுங்காலம் கேட்ட கேள்வி வேறு: அடியை எங்கே வைப்பது?

படையினரும் புதைத்தனர், புலிகளும் புதைத்தனர். 2009 மே திங்களில் போர் முடிந்தது, மிதிவெடி முடியவில்லை. போர்நிறுத்தம் பிறந்த 2002லேயே பிரிட்டனின் ஹாலோ டிரஸ்ட் அங்கே பணி தொடங்கிற்று. நார்வே, ஜப்பான், அமெரிக்கா பொருள் தந்தன. போரை நிறுத்த இயலாத உலகம் - இதை மறத்தலாகாது - முள்ளெடுக்கவேனும் வந்தது!

பொருள் அவர்களுடையது, உயிர் யாருடையது? போரில் கணவரை இழந்த தமிழ்ப் பெண்கள் பலர், முகக்கவசம் அணிந்து, மண்டியிட்டு, விரற்கடை விரற்கடையாக நிலத்தைத் துருவினர். இரும்புச் சிதறல் மண்டிய இடத்தில் கருவி ஓயாது ஒலிக்கும். ஆங்கே வாரி கொண்டு மண்ணைச் சுரண்டுவதே வழி. ஒருநாள் உழைப்பில் துப்புரவாவது ஒரு சிறு துண்டு நிலம்.

கண்ணிவெடியை விலக்கும் ஒட்டாவா ஒப்பந்தம் 1997இல் எழுந்தது. இலங்கை இணைந்தது 2017இல். போருக்குப்பின் வெடியகற்றக் குழுக்களை அங்கு அனுப்பிய தில்லியோ, 2001-02இல் பாகிஸ்தான் எல்லை வயல்களில் வெடி புதைத்தது. ஒப்பந்தத்தில் இன்றுவரை கையொப்பமிடவில்லை.